வான், வளி, வானிலை: ஒரு சுவீடியச் சொல்லும் ஓசூர் எல்லையின் மும்மொழி வழக்கும்

ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் காலை வேளையில் அரைமணி நேரம் நிற்பவர் ஒரே வானத்தைப் பற்றி மூன்று சொற்களைக் கேட்கக்கூடும். தமிழ் நாளிதழ் ‘வானிலை’ என்று எழுதுகிறது. பெங்களூரிலிருந்து ஒலிக்கும் கன்னட வானொலி ‘ஹவாமான’ என்கிறது. தெலுங்குத் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர் ‘வாதாவரணம்’ என்கிறார். இரவுப் பணி முடித்துத் தொழிற்பேட்டையிலிருந்து திரும்பும் வடமாநிலத் தொழிலாளியையும் சேர்த்துக்கொண்டால் ‘மௌசம்’ என்னும் நான்காவது சொல்லும் கிடைக்கும். சொல் எதுவாயினும் பொருள் ஒன்றுதானே என்று நாம் கடந்துபோகிறோம். அவ்வாறு கடந்துபோவதில் இழப்பு உண்டு என்பதே இக்கருத்துரையின் நிலைப்பாடு. வானிலை என்பது அடிப்படையில் எதைச் சார்ந்தது என்னும் வினாவுக்கு இந்நான்கு சொற்களும் வெவ்வேறு விடை தருகின்றன. தமிழ்ச்சொல் வானம் என்கிறது. கன்னடச் சொல்லும் தெலுங்குச் சொல்லும் காற்று என்கின்றன. இந்திச்சொல் பருவம் என்கிறது. இவ்விடைகளுள் எதைத் தேர்ந்தோம், எதை விட்டோம் என்பது சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் செய்தியன்று. எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றை ஊர்மக்கள் எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்பது வரை அது நீள்கிறது.

சுவீடியச் சொல்

இவ்வேறுபாட்டைத் துலக்கமாகக் காண, தொலைவிலுள்ள ஒரு மொழி உதவுகிறது. சுவீடிய மொழியில் வானிலையைக் குறிக்கும் சொல் ‘வேதெர்’. ஆங்கிலத்தின் ‘வெதர்’, செருமானியத்தின் ‘வெட்டர்’ ஆகியவற்றுக்கு இஃது உடன்பிறப்பு. பழைய நார்சு மொழியில் இதன் முன்வடிவம் வானிலையை மட்டுமன்றிக் காற்றையும் புயலையும் குறித்தது. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘வீசுதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து இச்சொல் பிறந்தது என்பது வரலாற்று மொழியியலாரிடையே பெருவழக்கான கருத்து. ஈற்றுப்பகுதியைப் பிரித்துக் காட்டுவதில்தான் அவர்கள் வேறுபடுவர். ஆங்கிலத்தின் ‘விண்ட்’, இலத்தீனின் ‘வெந்துஸ்’, வடமொழியின் ‘வாயு’, ‘வாத’ ஆகியவையும் அவ்வேரின் வழிவந்தவை. உறவுச்சொற்களின் பொருள்நிலை விந்தையானது. பழைய சிலாவிய மொழியில் இச்சொல்லினம் தெளிந்த வானிலையைக் குறிக்க, இலித்துவேனிய மொழியிலோ புயலைக் குறிக்கிறது. காற்று என்னும் பொதுப்பொருளிலிருந்து ஒரு கிளை அமைதியை நோக்கியும் மற்றொரு கிளை சீற்றத்தை நோக்கியும் சென்றிருக்கிறது.

சுவீடிய மொழி பழம்பொருளைத் தன் தொகைச்சொற்களுக்குள் காத்து வைத்திருக்கிறது. தானியம் அரைக்கும் காற்றாலைக்கு ‘வேதெர்க்வார்ன்’ என்று பெயர். திசைக்கு ‘வேதெர்ஸ்த்ரேக்’. வேட்டைநாயின் மோப்ப ஆற்றலுக்கு ‘வேதெர்கூர்ன்’. இவற்றுள் எங்கும் மழையும் இல்லை, வெயிலும் இல்லை, காற்றே உள்ளது. வயிற்றில் வாயு சேர்ந்து வருத்துவதற்கும் அம்மொழியில் ‘வேதெர்’ என்று தொடங்கும் தொகைச்சொல் உண்டு. ‘வாயுத்தொல்லை’ என்று நாம் சொல்வதற்கு அதைவிட நெருங்கிய இணை கிடைப்பது அரிது. மருத்துவச் சுவடிகளின் ‘வாதம்’ என்னும் சொல், தொலைமுறையில், சுவீடியரின் வானிலைச் சொல்லுக்கு வேர்வழி உறவினர் ஆகிறது. அவ்வுறவும் வடமொழி வழியாக நமக்கு வந்ததே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ‘வெதர்’ என்னும் ஒலியைக் கேட்டதும் ‘வெது’, ‘வெதும்பு’, ‘வெதுவெதுப்பு’ ஆகிய தமிழ்ச்சொற்களை இணைத்து, மேலைமொழிகளின் வானிலைச் சொல் தமிழிலிருந்தே சென்றது என்று நிறுவும் ஆவல் எழக்கூடும். இத்தகைய இணைப்புகளைக் கருத்தரங்க மலர்களில் கண்டு பழகியவர்கள் நாம். செருமானியக் கிளைமொழிகளில் அச்சொல்லின் மூத்த பொருள் காற்று, வெப்பம் அன்று. ஒலியும் முறையான மாற்ற விதிகளின்வழிப் பொருந்தவேண்டும், இங்குப் பொருந்தவில்லை. மேலைச்சொல்லுக்குத் தமிழ்ப் பிறப்பைத் தேடித் திரிவதைவிட, அச்சொல்லின் பொருள்வரலாற்றை அளவுகோலாகக் கொண்டு நம் சொற்களை அளந்து பார்ப்பது பயனுடையது. அளவுகோல் என்றதும் நினைவுக்கு வருவது மற்றொன்று. ஓசூரின் வெப்பநிலையை நாள்தோறும் ‘செல்சியஸ்’ என்று சொல்கிறோமே, அது உப்சாலா நகர வானியலார் ஆந்தர்சு செல்சியசின் பெயர். அவர் 1742ஆம் ஆண்டில் முன்வைத்த அளவுகோலில் நீர் கொதிக்கும் நிலை சுழியமாகவும் உறையும் நிலை நூறாகவும் இருந்தன. பின்னரே அது தலைகீழாக மாற்றப்பட்டது. சுவீடிய நாட்டுப் பெயரொன்று நம் வானிலைச் செய்தியில் ஏற்கெனவே குடியேறிவிட்டது.

வான், பானு, வான

இனி நம் பக்கம் வருவோம். பழந்தமிழில் ‘வான்’ என்னும் சொல் விசும்பையும் குறிக்கும், முகிலையும் குறிக்கும், மழையையும் குறிக்கும். திருக்குறளின் இரண்டாம் அதிகாரம் ‘வான்சிறப்பு’ என்று பெயர்பெற்றுள்ளது. அதிகாரம் முழுவதும் மழையைப் பற்றியது. தற்காலப் பேச்சுத்தமிழில் மழைப்பொருள் நழுவிவிட்டது. ‘வானம்’ என்றால் ஆகாயம் மட்டுமே.

ஓசூர்ப் பகுதியில் இச்சொல்லின் வரலாறு கண்முன்னே பிரிந்து கிடக்கிறது. கன்னடத்தில் ‘பானு’ என்றால் வானம். தமிழின் மொழிமுதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைய பகரமாவது வழக்கமான மாற்றம். வாய், வில், வேர் ஆகிய சொற்களிலும் அதைக் காணலாம். தெலுங்கில் ‘வான’ என்றால் மழை. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி இவற்றை ஓரினமாகவே வைத்துள்ளது. பழந்தமிழ் ஒரே சொல்லில் வைத்திருந்த இரு பொருள்களுள் ஒன்றைக் கன்னடமும் மற்றொன்றைத் தெலுங்கும் பேச்சில் காத்துவருகின்றன. தேன்கனிக்கோட்டை வட்டத்து ஊர் ஒன்றில் அடுத்தடுத்த வீடுகளில் இவ்விரண்டையும் கேட்க முடியும். சங்க நூல்களில் ‘வான்’ மழையைக் குறிக்கும் இடங்களுக்கு உரைகாரர் குறிப்பைத் தேடும் மாணவர், தெலுங்கு பேசும் தம் வகுப்புத்தோழரிடம் மழைக்கு என்ன சொல் என்று கேட்டாலே போதும்.

காற்றுக்கும் இதே நிலைதான். கன்னடத்தில் ‘காளி’, தெலுங்கில் ‘காலி’. இரண்டிலும் முதலெழுத்து ஒலிப்புடையது. தமிழின் ‘கால்’, ‘காற்று’ ஆகியவற்றோடு இவை உறவுடையன. ‘கால்’ என்னும் சொல் காற்றைக் குறிப்பது சங்க இலக்கியத்தில் மிகப் பழகிய வழக்கு. ‘மழை’யும் கன்னடத்தின் ‘மளெ’யும் ஒன்றே.

அன்றாடச் சொற்களில் இவ்வளவு நெருக்கம் இருந்தும், அறிவிப்புச் சொற்களில் மூன்று மொழிகளும் முற்றிலும் பிரிந்து நிற்கின்றன. ‘ஹவாமான’ என்பதன் முதற்பகுதி அரபியில் காற்றைக் குறிக்கும் ‘ஹவா’. பாரசீகத்தில் அது வானிலையையும் குறிக்கும். அம்மொழியில் தட்பவெப்பச் சூழலுக்கு ‘நீரும் காற்றும்’ என்று பொருள்படும் இணைச்சொல்லே வழங்குகிறது. இரண்டாம் பகுதி அளவு என்னும் பொருளுடைய வடசொல் ‘மான’. மராத்தியும் குசராத்தியும் இதே சொல்லை ஆள்கின்றன. தெலுங்கின் ‘வாதாவரணம்’ வாதம், ஆவரணம் என்னும் இரு வடசொற்களால் ஆனது. காற்றின் உறை என்பது நேர்ப்பொருள். ஆகவே ஓசூரில் வழங்கும் சொற்களுள் சுவீடியரின் ‘வேதெர்’ என்பதற்கு வேர்முறையில் உறவுடையது தெலுங்குச் சொல்லே. பொருள்முறையில் அதற்கு நிகரானது கன்னடச் சொல். தமிழின் ‘வானிலை’ இரண்டு வகையிலும் தனித்து நிற்கிறது.

இடையே ஒரு வேடிக்கையும் உண்டு. பல வட்டார வழக்குகளில் ‘வானம்’ என்பது ‘மானம்’ என ஒலிக்கிறது. ‘மானம் பார்த்த பூமி’ என்னும் தொடரைக் கேளாத உழவர் இலர். மழையை மட்டும் நம்பிய நிலத்துக்கு வழங்கும் ‘மானாவாரி’ என்னும் சொல்லும் வானத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. ஆகவே ‘ஹவாமான’ என்பதைக் கேட்கும் தமிழ்ச்செவிக்கு அதன் பிற்பகுதி வானமாகவே படக்கூடும். சொற்பிறப்பு நோக்கில் இது பிழை. ஆயினும் எல்லைப்புறப் பேச்சில் ஒரு மொழியினர் பிறமொழிச் சொல்லைத் தம்முடையதாக்கிக்கொள்ளும் முறை இதுவேயாதலால், பிழை என்று ஒதுக்காமல் பதிவுசெய்யவேண்டிய செய்தி.

சென்னை, பெங்களூரு, ஐதராபாத்து ஆகிய தலைநகரங்களிலிருந்து வந்தவை அறிவிப்புச் சொற்கள். ஊரில் விளைந்தவை வான், பானு, வான, கால், காளி, காலி ஆகியவை. முன்னவை மக்களைப் பிரிக்கின்றன, பின்னவை சேர்க்கின்றன. பாராமகால் 1792இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது, 1956இல் மாநில எல்லைகள் மொழிவழி வரையப்பட்டன, 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இத்தனை கோடுகளையும் கடந்து ஊர்ச்சொற்கள் நிலைத்துள்ளன. ‘ஓசூர்’ என்னும் பெயரே ‘புத்தூர்’ எனப் பொருள்படும் கன்னடத் தொடர்தான்.

தமிழில் காற்று எங்கே போயிற்று?

தமிழ் தன் வானிலைச் சொல்லை வானத்திலிருந்து அமைத்துக்கொண்டதால், காற்றை வைத்துக் காலத்தை அறியும் மரபு தமிழுக்கு இல்லை என்று யாரேனும் முடிவுகட்டினால் அது பெரும்பிழை. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். நாம் போதுமான அளவு எண்ணிப்பாராதது, இப்பெயர்களுள் பல காற்றோடு நில்லாமல் பருவத்தின் பெயராகவும் முகிலின் பெயராகவும் ஆயின என்பதை. கோடை மேல்காற்று, அதுவே வெயிற்காலம். கூதிர் குளிர்காற்று, அதுவே தொல்காப்பியர் கூறும் ஆறு பெரும்பொழுதுகளுள் ஒன்று. கொண்டல் கீழ்காற்று, அதுவே மழைமுகில். செருமானிய மொழிகளில் காற்றைக் குறித்த சொல் வானிலையைக் குறிக்க வளர்ந்த அதே வழியில் தமிழும் நடந்திருக்கிறது. ஆனால் பொதுப்பெயர் ஒன்றை அவ்வழியில் ஆக்கிக்கொள்ளாமல், சிறப்புப்பெயர்களோடு நின்றுவிட்டது.

நெடுநல்வாடையின் தொடக்கத்தை எண்ணிப்பார்க்கலாம். மழையும் குளிரும் கலந்த கூதிர்க்காலத்தில் இடையர் நெருப்பில் கைகாய்ச்சி நடுங்குகின்றனர். பறவைகள் மரங்களிலிருந்து வீழ்கின்றன. பால்குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. மனிதர், விலங்கு, பறவை என்று விரியும் அந்த வானிலைச் சித்திரம் முழுவதற்கும் தலைப்பாக வைக்கப்பட்டது காற்றின் பெயர். இன்றைய அறிவியல் தமிழில் அப்பாட்டுக்குப் பெயர்சூட்ட நேர்ந்தால் ‘நீண்ட நல்ல வானிலை’ என்று எழுதுவோம் போலும். கரிகாலனின் முன்னோனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் போற்றுவதும், காற்றின் செயலைத் தன் கலங்களுக்குப் பணிசெய்ய வைத்தவன் என்ற சிறப்பினாலேயே. மருந்து அதிகாரத்தில் மூவகை நோய்முதல்களைத் தொகுத்துச் சுட்டும் திருவள்ளுவர் வளியை முதலில் வைக்கிறார்.

ஈழத்தமிழ் இம்மரபைச் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கடலோரத்தில் சோளகம், கச்சான், கொண்டல், வாடை ஆகியவை இன்றும் தொழிற்சொற்கள். தமிழ்நாட்டில் ‘மண்டல வானிலை ஆய்வு மையம்’ இருக்க, இலங்கையில் இருப்பது ‘வளிமண்டலவியல் திணைக்களம்’. ஒன்றின் பெயரில் வான். மற்றதன் பெயரில் வளி. இவ்வேறுபாடு தற்செயலாக அமைந்ததாகவே இருக்கலாம். ஆயினும் தமிழ்மொழிக்கு இரு வழிகளும் திறந்திருந்தன என்பதற்கு அது சான்று.

தமிழ்நாட்டு வழக்கில் காற்று பின்தள்ளப்பட்டதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ‘பருவமழை’. உலக வழக்கில் ‘மான்சூன்’ என்பது பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்து, பருவந்தோறும் திசைமாறும் காற்றைக் குறிக்கிறது. இந்தித் தொழிலாளியின் ‘மௌசம்’ அதே அரபுச் சொல்லின் பிறிதொரு வடிவம். தமிழ்ப் பாடநூல் ‘பருவக்காற்று’ என்கிறது. செய்தித்தாளோ ‘பருவமழை’ என்கிறது. ‘தென்மேற்குப் பருவமழை தொடங்கியது’ என்று சூன் மாதத்தில் வரும் செய்தியைக் கிருஷ்ணகிரி மாவட்ட உழவர் படிக்கிறார். மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில் உள்ள அவருக்கு ஆனியிலும் ஆடியிலும் வருவது பெரும்பாலும் காற்று. மழை வலுப்பது ஆவணியிலும் புரட்டாசியிலும். செய்தி அவரளவில் பொய்யாகிறது. ‘பருவக்காற்று தொடங்கியது’ என்றிருந்தால் அன்றைக்கே அது மெய்.

ஊத்தங்கரை, 2024

காற்றுச்சொல்லும் மழைச்சொல்லும் குழம்புவதன் விளைவு, இம்மாவட்டத்திலேயே அண்மையில் நேர்ந்தது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னர் அது வலுவிழந்தது. அவ்வாறே செய்திகளும் கூறின. அப்படி வலுவிழந்து உள்நாட்டுக்குள் நகர்ந்த பிறகுதான், டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையில் பாதிக்கும் மேற்பட்ட அளவு ஒரே நாளில் கொட்டியது. நிறுத்தப்பட்டிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை நாடே பார்த்தது.

அறிவியலில் இதில் முரண் ஏதுமில்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், புயல் என்னும் படிநிலைகள் காற்றின் வேகத்தை மட்டுமே கொண்டு வகுக்கப்பட்டவை. மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்டினால் புயல். அதனினும் குறைந்தால் அது ‘வலுவிழந்தது’. மழையின் அளவுக்கும் இப்படிநிலைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. வலுவிழந்து ஓரிடத்தில் மெல்ல நகரும் மண்டலம் புயலைவிட மிகுதியான மழையைத் தரலாம். வல்லுநர் இதை அறிவர்.

ஆனால் ‘புயல்’ என்னும் சொல் தமிழருக்கு என்ன பொருள் தருகிறது? சங்க இலக்கியத்தில் அது முகில், மழை. பிற்காலத்தில் அதன்மேல் காற்றின் பொருள் ஏற்றப்பட்டது. கேட்பவர் மனத்தில் மழைப்பொருள் முழுவதும் அழிந்துவிடவில்லை. ‘புயல் வலுவிழந்தது’ என்றால் மழை குறைந்துவிட்டது என்றே அவர் கொள்வார். அறிவிப்பவர் சுவீடியரைப்போலக் காற்றை எண்ணிச் சொல்கிறார். கேட்பவர் வள்ளுவரைப்போல வானை எண்ணிக் கேட்கிறார். இடையில் உயிரும் உடைமையும் இருக்கின்றன. ஊத்தங்கரையில் நேர்ந்த சேதத்துக்குச் சொல்லே காரணம் என்று கூறுவது மிகை. ஏரிகளும் நீர்வழிகளும் இருந்த நிலை போன்ற பிற காரணங்கள் பெரியவை. ஆயினும் ‘காற்று தணிந்தது, மழை தணியவில்லை’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லும் வழக்கம் நம் செய்தித்தமிழில் வேரூன்றியிருந்தால் நன்மையே விளைந்திருக்கும்.

மழையைப் பொறுத்தவரை நம் சொற்கள் செம்மையாக உள்ளன. 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை என்று அளவும் சொல்லும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. காற்றுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. ‘பலத்த காற்று’, ‘சூறைக்காற்று’, ‘சூறாவளிக்காற்று’ ஆகியவை செய்திகளில் ஒன்றுக்கு மற்றொன்றாக எழுதப்படுகின்றன. மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் வீசுவதைத் தமிழ்நாட்டில் ‘சூறாவளிக்காற்று’ என்கிறோம். இலங்கையிலோ ‘சூறாவளி’ என்றால் நாம் புயல் என்பது. 1978இல் மட்டக்களப்பைச் சிதைத்ததை அங்குள்ளோர் சூறாவளி என்றே நினைவுகூர்கின்றனர். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் காற்றுச்சொல்லின் செம்மை மழைச்சொல்லின் செம்மையைவிடக் குறைந்த தேவையன்று. கோடை இறுதியில் மாங்காய் முற்றும் வேளையில் வீசும் ஒருமணி நேரக் காற்று, தோப்பின் ஓராண்டு வருவாயை உதிர்த்துவிடும். ஓசூரைச் சுற்றியுள்ள ரோசாப் பசுமைக்குடில்களின் நெகிழிக்கூரையைக் கிழிப்பதும் காற்றுதான்.

‘தட்பவெப்பநிலை’ பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை. அச்சொல்லில் குளிரும் வெம்மையும் உண்டு. காற்றும் மழையும் இல்லை. வானிலைக்குப் பொதுப்பெயராக அதை ஆள்வதைக் கைவிடலாம். ‘காலநிலை’ வேறுவகைச் சிக்கல். தமிழ்நாட்டரசு ‘காலநிலை மாற்றம்’ என்று துறைக்கே பெயரிட்டுவிட்ட நிலையில், அது நீண்டகாலச் சராசரியைக் குறிக்கும் சொல்லாக உறுதிப்பட்டுவருகிறது. பன்னாட்டு வழக்கில் அச்சராசரிக்கு 30 ஆண்டுகள் கணக்கு. இலங்கைச் செய்திகளிலோ ‘சீரற்ற காலநிலை’ என்பது ஒருநாள் மழையையும் குறிக்கும். மலையாளத்தின் ‘காலாவஸ்த’ என்பதும் அவ்வாறே. சுவீடிய மொழியில் ‘வேதெர்’ என்பதற்கு எதிர்மறை முன்னொட்டுச் சேர்த்து ‘ஊவேதெர்’ என்றால் சீற்றமான வானிலை. ‘சீரற்ற’ என்னும் அடை செய்யும் பணியை அங்கு ஓர் உயிரெழுத்து செய்கிறது. ஆகவே காலநிலையை நீண்டகாலத்துக்கும் வானிலையை அன்றாடத்துக்கும் ஒதுக்குவதை இரு நாட்டுத் தமிழரும் ஏற்பது நலம். ‘பருவநிலை மாற்றம்’ என்பதை இதற்கு மாற்றாக எழுதுவது தேவையற்ற குழப்பம்.

நட்சத்திர மழைகள்

எல்லைப் பகுதியில் தமிழாய்வாளர் கற்கவேண்டிய மற்றொன்று, கன்னட, தெலுங்கு உழவர் மழைக்கு நட்சத்திரப் பெயர் வைக்கும் முறை. ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று ஞாயிறு நிற்கும் நட்சத்திரத்தின் பெயரால் அவர்கள் மழையைச் சுட்டுவர். கன்னடர் பெயரோடு ‘மளெ’ சேர்ப்பர். தெலுங்கர் அக்காலப் பகுதியைக் ‘கார்த்தெ’ என்பர். தமிழர் ஆடிக்காற்று என்றும் ஐப்பசி மழை என்றும் மாதப்பெயரால் சுட்டுவர்.

காரணம் நாட்காட்டியில் உள்ளது. தமிழ் மாதங்கள் ஞாயிற்றின் இயக்கத்தைச் சார்ந்தவை. ஆடி ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வரும். கன்னட, தெலுங்கு மாதங்கள் திங்களைச் சார்ந்தவை; பருவத்தோடு ஒப்பிட்டால் முன்பின்னாக நகர்பவை; மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் மிகைமாதம் ஒன்று சேர்த்து அவற்றைச் சரிசெய்வர். அத்தகைய மாதத்தை நம்பி விதைக்க இயலாது. எனவே அவர்கள் ஞாயிறு நிற்கும் நட்சத்திரத்தை நாடினர். அதனால் அவர்களுக்கு வாய்த்த கணக்கு நம் கணக்கைவிட நுண்மையானது: ஒரு நட்சத்திரத்துக்கு ஏறத்தாழப் பதின்மூன்றரை நாள், நம் மாதத்தில் பாதியினும் குறைவு. தமிழிலும் இம்முறையின் எச்சம் இல்லாமலில்லை. கத்திரி வெயில் என்னும் அக்கினி நட்சத்திரமும், மார்கழியில் ஞாயிறு பூராடத்தில் நிற்கும்போது பார்க்கப்படும் கர்ப்போட்டமும் அவ்வகையின. சூளகிரிப் பக்கத்து உழவர் ஒருவர் தமிழ் மாதத்தையும் தெலுங்குக் கார்த்தெயையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவதைக் கேட்கும்போது, இரு கணிப்புமுறைகள் ஒரு வாயில் சந்திப்பதைக் காண்கிறோம். இச்சொற்றொகுதி நம் வட்டார அகராதிகளில் இடம்பெறத் தகுந்தது.

இதைத் திரட்டும் காலம் குறுகிவருகிறது. 1970களில் ஓசூரில் தொடங்கிய தொழிற்பேட்டை வளர்ச்சி, இன்று பர்கூர், சூளகிரி, போச்சம்பள்ளி என மாவட்டமெங்கும் பரவியுள்ளது. மானாவாரி நிலம் ஆலையாகும்போது, விதைப்புக்கால மழையின் பெயரைச் சொல்லவேண்டிய தேவை அங்கு இல்லாமற் போகிறது. தொழிற்சாலைக்குள் பணிமுறைக்கு ஏற்ப மணி ஒலிக்கும். ஆரித்ரா மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒலிக்கும். இதற்காகத் தொழில் வளர்ச்சியைப் பழிப்பது இக்கட்டுரையாளரின் நோக்கமன்று. நிலமிழந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்குச் சோறிடுவது அவ்வாலைகளே. சொற்களைத் திரட்டும் பொறுப்பு ஆலைகளுடையதன்று; நம்முடையது.

நம் துறைகளில் எல்லைப்புற ஆய்வு என்றால் பெரும்பாலும் நடுகற்கள், கல்வெட்டுகள், ஊர்ப்பெயர்கள் என்றே பொருள்படுகிறது. அவை வேண்டியவையே; கிருஷ்ணகிரியின் நடுகற்கள் இல்லாமல் தமிழ் எழுத்து வரலாறு முழுமைபெறாது. ஆனால் கல் காத்திருக்கும், பேச்சு காத்திராது. பெரியார் பல்கலைக்கழக எல்லைக்குட்பட்ட கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும், இம்மாவட்ட எல்லையை ஒட்டிய குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகமும் இணைந்தால் மும்மொழி வானிலைச் சொற்றொகுதி ஒன்றைத் தொகுப்பது அரிதன்று. முனைவர்ப் பட்ட ஆய்வுக்கான களமாகவும் அது அமையும். ஆய்வேட்டின் இறுதியில் சொற்பட்டியலாகச் சுருங்கிவிடாமல், ஒவ்வொரு சொல்லும் எந்த ஊரில், எந்தப் பயிர்த்தொழிலோடு, எந்த மாதத்தில் அல்லது எந்த நட்சத்திரத்தில் வழங்குகிறது என்னும் குறிப்போடு அது அமையவேண்டும். காற்றின் பெயர்களுக்கு முதலிடம் தரலாம். அவையே விரைவாக மறைந்துவருகின்றன. தமிழ் பேசுவோரை மட்டும் தகவலாளராகக் கொள்ளும் வழக்கத்தையும் இங்குக் கைவிடவேண்டும். தளியிலும் அஞ்செட்டியிலும் தேன்கனிக்கோட்டையிலும் கன்னடத்தையோ தெலுங்கையோ வீட்டுமொழியாகக் கொண்ட முதியோர் பலர், சந்தைக்கு வந்தால் தமிழில் பேசுவர். ‘வான’ என்று வீட்டிலும் ‘மழை’ என்று சந்தையிலும் சொல்லும் அவர்களிடமிருந்து, வரும் வைகாசி இறுதியில், மிருகசீரிடக் காற்று தொடங்கும் முதல் வாரத்திலேயே பணியைத் தொடங்கலாம்.